ஸ்கோரை விடுங்க, ரிப்போர்ட்டைத் திறந்து படிங்க

நம்ம ஊரில், லோன் கேட்டால் வங்கிகள் பார்க்கிற சிபில் என்றாலே ஒரு நம்பர் என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நெல்லை வண்ணார்பேட்டை டீக்கடையில் நின்றால்கூட "உனக்கு எவ்வளவுடே, எழுநூத்தம்பது இருக்கா?" என்கிறார்கள். 300-இல் தொடங்கி 900 வரை போகிற அந்த நம்பரை ஏதோ ஒரு ஆப் பச்சை நிறத்தில் காட்டிவிட்டால் சரி என்று போனை மூடிவிடுகிறோம். அந்த நம்பர் எதைப் பார்த்துப் போட்டது என்பதுதான், நம்ம கடன் கணக்கெல்லாம் வரிசையாக வரும் ரிப்போர்ட்டில் இருக்கிறது, அதை யாரும் திறப்பதே இல்லை.

எங்க சித்தப்பாவும் திறந்தது கிடையாது. சேரன்மகாதேவி பக்கம் வாழை போட்டிருக்கிறார், யாருக்கும் ஒரு பைசா பாக்கி வைக்காத ஆள். பவர் டில்லருக்கு லோன் கேட்டுப் போனால் "உங்க சிபில் சரியில்லை" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள், ஏன் என்று சொல்ல ஆளில்லை. ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால் அவர் பெயரில் ஒரு பைக் லோன், தவணை பல மாதம் நிற்கிறது, முகவரி வள்ளியூர் பக்கம். சித்தப்பாவுக்கு பைக் ஓட்டவே தெரியாது!

இது நம்ம பக்கத்தில் நடக்காவிட்டால்தான் ஆச்சரியம். சித்தப்பா பெயர் இசக்கிமுத்து. தெருவுக்கு நாலு இசக்கிமுத்து, அதில் இரண்டு பேருக்கு இனிஷியலும் ஒன்று. குடும்பப் பெயர் என்று ஒன்று நமக்குக் கிடையாது, விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் கேட்டால் ஒரு கிளார்க் அப்பா பெயரைப் போடுவார், இன்னொருவர் இனிஷியலைப் போடுவார், மூன்றாவது ஆள் இசக்கியைத் தனியாகவும் முத்துவைத் தனியாகவும் வெட்டிவிடுவார். பிறந்த தேதியோ, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்டது. பெயர், பிறந்த தேதி, பான் எண், போன், முகவரி இவற்றை ஒப்பிட்டுத்தான் ஒரு கடன் யார் கணக்கில் போய்ச் சேர வேண்டும் என்று முடிவாகிறது. பான் எண் தப்பாகவோ விட்டுப்போயோ வந்த கடன் என்றால், அது பக்கத்து ஊர் இசக்கிமுத்து தலையில் விழ வாய்ப்பு உண்டு.

எடுப்பது லேசுதான். கடன் விவரங்களைத் திரட்டி இந்த ரிப்போர்ட்டைத் தர ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற நிறுவனங்கள் நாலு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், க்ரிஃப் ஹைமார்க். வருஷத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை ஸ்கோரோடு சேர்த்து ஒவ்வொரு நிறுவனமும் இலவசமாகத் தர வேண்டும், 2017 முதல் இதுதான் விதி. அவரவர் தளத்துக்கே நேராகப் போங்கள். பான் எண், பிறந்த தேதி, ஓடிபி, சில சமயம் பழைய கடன் பற்றி ஒன்றிரண்டு கேள்வி, அவ்வளவுதான். நடுவில் மாதச் சந்தா திட்டங்களைப் பெரிதாகக் காட்டுவார்கள், இலவச ரிப்போர்ட்டுக்கான இணைப்பு எங்காவது மூலையில் கிடக்கும், தேடிப் பிடியுங்கள். கண்ட ஆப்பிலும் பான் நம்பரைக் கொடுத்தால் மறுநாள் காலையிலிருந்து லோன் வேண்டுமா என்று போன் வரும், அது உங்கள் பாடு. நாமே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது, இந்தப் பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது.

திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பெயர், முகவரி, போன் நம்பர். தெரியாத ஊர் முகவரி இருந்தால் அங்கேயே சந்தேகம் வரணும். அப்புறம் கணக்குகள். மாதாமாதம் எத்தனை நாள் தாமதம் என்று 36 மாதம் வரை கட்டம் கட்டமாக இருக்கும், 000 என்றால் ஒழுங்காகக் கட்டியிருக்கிறீர்கள், 030, 060 என்றால் அத்தனை நாள் தாமதம். வருஷா வருஷம் நகையைத் திருப்பி மறுபடி வைக்கிறோமே, அதுவும் ஒவ்வொரு தடவையும் தனிக் கணக்காக நிற்கும், பழையது முடிந்ததாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். "செட்டில்டு" என்று இருந்தால் கொஞ்சம் குறைத்துக் கட்டி முடித்த கடன் என்று அர்த்தம், முழுசாகக் கட்டியும் அப்படிப் போட்டிருந்தால் விடாதீர்கள். ஜாமீன் கையெழுத்துப் போட்டதும் உங்கள் ரிப்போர்ட்டில்தான் வரும். பையன் இன்ஜினியரிங் படிக்க எடுத்த கல்விக் கடன் அப்பா ரிப்போர்ட்டிலும் இருக்கும். பையன் சென்னையில் வேலை தேடிக்கொண்டிருப்பான், தவணை நின்றுபோனால் இங்கே அப்பாவுக்கு டிராக்டர் லோன் கிடைக்காது. கடனே வாங்காதவருக்கு ஸ்கோர் இடத்தில் -1 என்று வரலாம், பதற வேண்டாம், வரலாறு இல்லை என்று அர்த்தம். கந்துவட்டி மட்டும் எதிலும் வராது, அதற்கு வேறு கணக்கு!

தப்பு இருந்தால் அந்தத் தளத்திலேயே புகார் போடலாம், ரிப்போர்ட்டில் இருக்கும் கன்ட்ரோல் நம்பர், அதாவது அந்த ரிப்போர்ட்டுக்கான தனி எண், தேவைப்படும். அந்த நிறுவனம் தானாகத் திருத்தாது, கடன் கொடுத்தவரைக் கேட்டுத்தான் திருத்தும். அதனால் கடன் கொடுத்தவருக்கும் எழுத்தில் ஒரு புகார் கொடுத்துவிடுங்கள். சித்தப்பாவுக்கு இரண்டு பக்கமும் போட்டோம், ஆதார், பான் நகலோடு "இந்தக் கடன் என்னுடையது அல்ல" என்று தேதி போட்டு ஒரு கடிதம். 30 நாளில் முடிக்கணும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நமக்கு நஷ்ட ஈடு, 2024 ஏப்ரல் முதல் இது நடைமுறை. கடன் கொடுத்தவர் கிளையில் இதைச் சொன்னபோது அங்கிருந்தவருக்கு விதியே தெரியவில்லை, சொன்ன பிறகு வேலை வேகமாக நடந்தது. பைக் லோன் போய்விட்டது. அப்படியும் நகராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 2022 செப்டம்பரிலிருந்து இந்த நிறுவனங்களும் அவர் வரம்புக்குள் வந்துவிட்டன.

நாலையும் ஒரே நாளில் எடுக்காமல் மூன்று மாதத்துக்கு ஒன்று என்று எடுத்தால் வருஷம் முழுக்க ஒரு கண் வைத்த மாதிரி இருக்கும். வீட்டில் பெண்கள் குழுக் கடன் வாங்கியிருந்தால் க்ரிஃப் ஹைமார்க்கை முதலில் எடுங்கள், மைக்ரோ ஃபைனான்ஸ் விவரம் அங்கே நிறைய இருக்கும்.