பழைய புத்தகக் கடையில் இசைத்தாள் தேடுதல்: நாட்குறிப்பு

மார்ச் 2, ஞாயிறு

மேற்கத்திய இசைக் குறிப்புகளை அச்சிட்ட இசைத்தாள் புத்தகம் பெரும்பாலும் ஒல்லி. சில தாள்களை மடித்து நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்திருப்பார்கள். முதுகில் பெயர் போட இடமிருக்காது. அதனால் பெரிய படப் புத்தகங்களுக்கு அடியிலோ, மேசைக்குக் கீழே அட்டைப்பெட்டியிலோ படுத்துக் கிடக்கும். 'இசை' என்று எழுதிய தட்டில் வாழ்க்கை வரலாறுகள்தான் மிகுதி. குனிந்து தேடுபவருக்கே கிடைக்கும்.

மார்ச் 4, செவ்வாய்

வயலினும் பியானோவும் சேர்ந்து வாசிக்கும் சொனாட்டா என்ற இசைப்படைப்பு கையில் வந்தால் முதலில் நடுவில் செருகியிருக்கும் வயலின் பார்ட், அதாவது வயலின் வாசிப்பவருக்கான தனித்தாள், இருக்கிறதா என்று பார்க்கணும். தனித்தாள் என்பதால் முதலில் தொலைவது அதுதான். பியானோ புத்தகத்தில் மேல் வரியில் சின்ன எழுத்தில் வயலினும் இருக்குமே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். அதைப் பார்த்து வாசித்தால் பக்கம் திருப்புவதிலேயே பாதி நேரம் போய்விடும்.

நால்வர் குழு இசையென்றால் நான்கு பார்ட்டும் எண்ணியாகணும். பக்கத்தின் அடியில் சின்னதாக ஒரு பிளேட் எண், அதாவது அச்சுத்தகட்டுக்குப் பதிப்பகம் கொடுத்த எண், இருக்கும். நான்கிலும் அது ஒத்துப்போகாவிட்டால் வேறு பதிப்புகளைக் கலந்து கட்டியிருக்க வாய்ப்புண்டு. அப்படியானால், ஒத்திகையில் எங்கிருந்து தொடங்குவது என்று காட்டும் குறியெழுத்துகள் ஆளுக்கொரு இடத்தில் வந்து நிற்கும்.

அடுத்தது பக்க எண்ணிக்கை. மடித்த ஒரு தாள் நான்கு பக்கம். 24 பக்கப் புத்தகத்தில் ஒரே தாளின் ஒரே முகத்தில் சேர்ந்து வரும் இரு பக்க எண்களைக் கூட்டினால் எப்போதும் 25. பத்தாம் பக்கம் இல்லையா, பதினைந்தும் இருக்காது. ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்தால் நடுத்தாள் கழன்றுவிடும்: 11 முதல் 14 வரை காலி. அட்டை அழகாக இருக்கிறதே என்று ஏமாறுவது இங்கேதான்.

மார்ச் 9, ஞாயிறு

பழைய அட்டையில் 'துவோர்ஷாக், சிம்பொனி எண் 5' என்றிருந்தால் அது இன்று 9 என்று எண்ணப்படும் 'நியூ வேர்ல்ட்'. இசையமைப்பாளர் பாகின் படைப்புகளுக்கான பிடபிள்யூவி (BWV) பட்டியல் எண்கள் 1950இல் வந்தவை. அதற்கு முந்தைய அச்சில் தேடிப் பயனில்லை. இசையமைப்பாளர் ஸ்கார்லாட்டியின் சொனாட்டாக்களில் 'எல்' என்றால் லோங்கோ என்பவர் போட்ட எண், 'கே' என்றால் கிர்க்பாட்ரிக் என்பவர் போட்ட எண். ஒரே சொனாட்டாவுக்கு இரண்டும் வேறு வேறு. எண்ணை நம்பாமல், தேடும் படைப்பின் முதல் நான்கு பாரை (இசைவரியில் செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதிகளை) எழுதிக் கொண்டுபோய் ஒப்பிடுவதே சரி.

உள்ளங்கை அகலத்தில் இருப்பவை பாக்கெட் ஸ்கோர், அதாவது எல்லாக் கருவிகளின் வரிகளையும் சின்ன எழுத்தில் அச்சிட்ட புத்தகம். படிக்க நல்லது, ஸ்டாண்டில் வைத்து வாசிக்க முடியாது.

மார்ச் 11, செவ்வாய்

துருப்பிடித்த பின்னைப் பிடித்து இழுத்தால் தாளும் சேர்ந்து கிழியும். மெல்லிய கத்தி முனையால் உள்பக்கம் இரு கால்களையும் நிமிர்த்தி, வெளிப்பக்கமாக எடுக்கணும். மடிப்பில் மூன்று துளை போட்டு, நடுத்துளையில் தொடங்கிப் பருத்தி நூலால் தைத்து அங்கேயே முடிச்சிட்டால் போதும். பென்சில் விரல் எண்களை மென்மையான ரப்பரால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஒரே திசையில் அழிக்கணும். தாளின் மூலையை மடித்ததும் ஒடிந்து வந்தால் ரப்பரே வேண்டாம். செல்லோ டேப் ஒட்டி மஞ்சளித்த பக்கத்தையும் அப்படியே விட்டுவிடலாம்.

பூஞ்சை வாடை அடிப்பதை மட்டும் மற்றவற்றோடு அடுக்கக் கூடாது.