ஒரு வார்த்தை சொல்லுங்க

"கட்டாயம் தருகிறேன். நீயே எழுதி அனுப்பிவிடு, நான் அப்படியே போட்டுவிடுகிறேன்."

பழைய மேலாளரின் இந்தப் பதிலை ஸ்டுட்கார்ட் நகர ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி படித்தேன். வேலை, தொழில் தொடர்புகளுக்கான வலைத்தளமான லிங்க்டினில், என் பக்கத்துக்கு ஒரு பரிந்துரை எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தேன். நல்ல மனிதர். நேரம் மிச்சமாகட்டும் என்றுதான் அப்படிச் சொல்லியிருப்பார், இங்கே பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கோ உடம்பே கூசிப்போயிற்று. என் பெருமையை நானே எழுதி, அதன் மேலே இன்னொருவர் படத்தையும் பெயரையும் வைப்பதா? குத்தாலம் பக்கம் வளர்ந்த பெண்ணுக்கு இது எப்படி இறங்கும்? நாலு பேர் நடுவில் "கோலம் நான் போட்டதுதான்" என்று சொன்னாலே அம்மா பின்னாலிருந்து கிள்ளுவார். அடுத்தவர் சொல்லவேண்டும், நாம் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்ளவேண்டும்.

இந்த ஊர் எனக்குப் பழகித்தான் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை கடை திறக்காது என்பதால் சனிக்கிழமையே பாலும் தயிரும் வாங்கி வைத்துவிடுகிறேன். காலி பாட்டில்களைச் சேர்த்துக்கொண்டுபோய் இயந்திரத்தில் போட்டுக் காசு வாங்குகிறேன். பனியில் வழுக்காமல் நடக்கிறேன். ஆனால் ஜூன் 12 வந்தால் மேட்டூரைத் திறந்தார்களா என்று பார்க்காமல் வேலைக்குக் கிளம்ப முடியவில்லை. திறந்த செய்தி வந்தால் அடுத்த கவலை: கல்லணை தாண்டி எங்கள் வாய்க்காலுக்கு எப்போது வரும், நாற்று விட்டுவிட்டார்களா.

அன்றைக்கு ரயிலிலும் மனசு அங்கேதான் போனது. அப்பாவின் திண்ணைக்கு.

அப்பா தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருந்தவர். பயிர்க்கடனுக்காகப் பழகிய சனம், மற்ற எல்லாவற்றுக்கும் அவரிடம் வரும். கல்யாணத்துக்குச் சமையல்காரர் யார், வீடு கட்டக் கொத்தனார் யார், சீர்காழிப் பக்கம் ஒரு வரன் வந்திருக்கிறதே பையன் எப்படி? "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்பார்கள். எழுத்தில் எதுவும் கிடையாது. அவரும் லேசில் சொல்லிவிட மாட்டார். "நல்லவன்", "கெட்டிக்காரன்" என்ற வார்த்தைகள் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. "அறுப்பு முடிஞ்சா, களத்துல நெல்லு காயறதுக்குள்ள கடனைக் கட்ட வந்துருவான்" என்பார். வரன் கேட்டு வந்தவரிடம், "அவங்க அப்பாரு தஞ்சாவூர் ஆஸ்பத்திரில கெடந்தப்ப ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடந்தது அந்தப் பயதான்" என்றார் ஒருமுறை. அதற்குமேல் அங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. தெரியாத ஆளென்றால், "எனக்குப் பழக்கம் இல்லீங்க" என்று முடித்துவிடுவார். அதில் யாருக்கும் வருத்தம் இருந்ததில்லை.

ஏனென்றால் சொன்னவர் அந்தச் சொல்லுக்குள் மாட்டிக்கொள்வார். அவர் சொன்ன சமையல்காரர் பந்தியில் சாம்பாரைக் கோட்டைவிட்டால், மறுநாள் காலை பெண் வீட்டார் நம் வாசலில்தான் நிற்பார்கள். அப்பா அவர்களுக்குக் காப்பி கொடுத்து, தன் தப்பு மாதிரியே கேட்டுக்கொள்வார். வீட்டை மாற்றிக் கட்டியபோது திண்ணை போய்விட்டது. இப்போது பிளாஸ்டிக் நாற்காலி. ஆனாலும் ஆட்கள் வருகிறார்கள்.

லிங்க்டினில் இருப்பதும் அடிப்படையில் இதேதான் என்பது எனக்கு மெல்லத்தான் விளங்கியது. முகம் தெரியாத யாரும் வந்து அங்கே பரிந்துரை எழுதிவிட முடியாது. முதலில் இருவரும் நேரடித் தொடர்பில் இருக்கவேண்டும். அப்புறம், இவருக்கு நான் யார் என்று தேர்ந்தெடுக்கவேண்டும்: மேலாளரா, கூட வேலை பார்த்தவரா, கீழே வேலை பார்த்தவரா, ஆசிரியரா, சேர்ந்து படித்தவரா. எழுதியதைப் பெற்றவர் ஏற்றுக்கொண்டால்தான் பக்கத்தில் தெரியும். பிடிக்காவிட்டால் திருத்தித் தரக் கேட்கலாம், பிற்பாடு மறைத்தும் வைக்கலாம். எழுதியவரின் பெயர், படம், தேதி எல்லாம் கூடவே நிற்கும். 2012இல் வந்த, திறமையின் பெயரைத் தட்டினால் எண்ணிக்கை ஏறும் வசதியோடு இதைச் சேர்த்து எண்ணக்கூடாது. அந்தத் தட்டலுக்கு ஒரு நொடி போதும், தொடர்பில் இருக்கிற யார் வேண்டுமானாலும் தட்டிவிடுவார்கள். பரிந்துரைக்கு ஒருவர் உட்கார்ந்து நம்மை நினைக்கவேண்டும்.

இந்த உறவுப் பட்டியலை முதலில் பார்த்தபோது பள்ளிக்கூடத் தமிழ் ஐயா நினைவுக்கு வந்தார். ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம், அதாவது அதைப் பாராட்டும் முன்னுரை, எழுதத் தகுந்தவர்கள் யார் யார் என்று நன்னூல் என்ற இலக்கண நூல் வரிசை சொல்கிறது: நூலாசிரியனின் ஆசிரியன், அவனோடு படித்தவன், அவன் மாணவன், அந்த நூலுக்கு உரை எழுதியவன். கிட்டத்தட்ட அதே பட்டியல்! எத்தனை துறை தெரிந்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்றும் அங்கேயே இருக்கிறது. அதனால்தான் பாயிரத்தைப் பிறர் எழுதவேண்டியிருக்கிறது.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் திருவாவடுதுறை. 1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, தன் இடத்துக்குத் திருவாவடுதுறை மடத்திலிருந்த உ.வே.சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். இருவருமே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர்கள். தான் உட்கார்ந்த நாற்காலியில் உட்கார இவர் தகுந்தவர் என்று, அந்த நாற்காலியில் உட்கார்ந்தவரே சொல்வதைவிடப் பெரிய பரிந்துரை என்ன இருக்க முடியும்? அவர் சொன்ன அந்த வார்த்தையால் டெல்டாவுக்கும் தமிழுக்கும் கிடைத்தது எவ்வளவு!

என் ஆற்றாமை எங்கே இருக்கிறதென்றால், இவ்வளவு கனமான ஒன்றைச் சனங்கள் இப்படி வெறுமையாக்கிவிட்டார்களே என்பதில்தான். "கடின உழைப்பாளி. குழுவோடு இணைந்து செயல்படுபவர். புதியன கற்கும் ஆர்வம் மிக்கவர்." பத்துப் பேர் பக்கத்தைத் திறந்து பாருங்கள், பெயரை மாற்றிப் போட்டாலும் பொருந்தும். பள்ளியை விட்டு வரும்போது தரும் மாற்றுச் சான்றிதழில் எல்லோருக்கும் நடத்தை "நன்று" என்று எழுதியிருப்பார்களே, அந்த மாதிரி. தலைமையாசிரியர் சைக்கிளில் காற்றைப் பிடுங்கிவிட்டவனுக்கும் "நன்று"தான். இன்னும் வருத்தமாக இருப்பது கொடுக்கல் வாங்கல். நீ எனக்கு எழுது, நான் உனக்கு எழுதுகிறேன் என்று ஒரே நாளில் இரண்டு பேரும் மாற்றிக்கொள்கிறார்கள். தேதி இரண்டு பக்கத்திலும் தெரிகிறதே! மொய் நோட்டில்கூட இடையில் ஒரு வருஷமாவது போகும்.

ஜெர்மனியில் இதற்கென்றே பழைய ஏற்பாடு ஒன்றும் உண்டு. வேலையை விட்டு விலகுபவருக்கு எழுத்துச் சான்று கேட்டுப் பெறும் உரிமையைத் தொழில் ஒழுங்குச் சட்டத்தின் 109ஆம் பிரிவு தருகிறது. கேட்டால் வேலைத் திறனையும் நடத்தையையும் சேர்த்து எழுதித் தரவேண்டும். அது உண்மையாகவும் இருக்கவேண்டும், ஆளின் பிழைப்பைக் கெடுக்காமலும் இருக்கவேண்டும். இரண்டையும் காப்பாற்றப் போய், எல்லாச் சான்றும் இனிப்பாகவே இருக்கின்றன. "முழு மனநிறைவு" என்பதற்கு முன்னால் "எப்போதும்" இருக்கிறதா என்று பார்த்துத்தான் மதிப்பெண்ணைக் கண்டுபிடிக்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மையார் ஒருநாள் என் சான்றைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்து, "நல்ல சான்று, கவலைப்படாதே" என்று தோளில் தட்டினார். ஊரில் ஜாதகம் பார்க்கிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருப்பாரே, அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

மேலாளருக்கு என்ன பதில் எழுதுவது? புகழுரை எழுதி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை, விட்டுவிடவும் மனமில்லை. நன்னூல் இன்னொன்றும் சொல்கிறது: தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் ஒருவன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது தகும். புதிய நாட்டுக்கு வந்தவர்களுக்கென்றே சொன்னது போல இருக்கிறது. கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன், 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது சென்னைத் துறைமுகக் கழகத்துக் குமாஸ்தா என்றுதான் தன்னை அறிமுகம் செய்துகொண்டார். தன்னைப் பற்றிச் சில வரிகள், மீதிப் பக்கங்களில் தேற்றங்கள். அடைமொழிகளை நம்பி அவர் எழுதவில்லை. செய்ததை எடுத்து வைத்தார்.

நானும் செய்ததை மட்டும் எழுதினேன். நாம் சேர்ந்து பார்த்த வேலைகள் இவை, இன்னின்ன மாதம் இது நடந்தது, உங்களுக்கு எது நினைவில் நிற்கிறதோ அதை உங்கள் சொல்லில் எழுதுங்கள், இரண்டு வரி போதும் என்றேன். வந்தது நாலு வரி. "மென்பொருள் வெளியீட்டுக்கு முந்தின நாள், இது இன்னும் தயாராகவில்லை என்று சொன்னவர் இவர் ஒருவர்தான். அன்று எங்களுக்கு அது பிடிக்கவில்லை. அடுத்த வாரம் நன்றி சொன்னோம்" என்று தொடங்கியது. அந்த நாளை அவர் நினைவில் வைத்திருப்பார் என்று நான் நினைக்கவே இல்லை. அப்பாவிடம் போனில் தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "ஆளு பாத்துத்தான் எழுதியிருக்காரு பாப்பா" என்றார். அம்மா பின்னாலிருந்து, "சோறு ஒழுங்கா திங்கிறாளான்னு எழுதியிருக்கானா, கேளுங்க" என்றார்.

போன மாதம் எங்கள் குழுவில் ஆட்களைக் குறைத்தார்கள். திருவாரூர்ப் பெண் ஒருத்தி போகவேண்டியதாயிற்று. "அக்கா, எனக்கு ஒண்ணு எழுதித் தர்றீங்களா? நானே டைப் பண்ணி அனுப்பிடவா, உங்களுக்கு வேலை இருக்குமே" என்றாள். "நீ அனுப்பவேண்டாம்மா, நான் எழுதறேன்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போயிற்று. 3000 எழுத்துக்கு இடமிருக்கிறது, எனக்கு ஐந்து வரிகூட எளிதில் வரவில்லை. புதிதாக வந்த பையனுக்குப் பழைய கணினி நிரலைப் புரியவைக்க அவள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் காகிதத்தில் படம் போட்டுக் காட்டுவாள், அந்தக் காகிதங்களைத்தான் குழு இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று எழுதினேன். அவ்வளவையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாளைக்கு யாராவது என்னைக் கூப்பிட்டுக் கேட்டால் இதையே சொல்வேன்.

ராத்திரி பதில் வந்தது. "அக்கா, அந்தப் பேப்பரையெல்லாம் பாத்தீங்களா! நானும் இப்பவே உங்களுக்கு ஒண்ணு எழுதிடறேன்."

"இப்ப வேணாம். புது எடத்துல சேர்ந்து, ஆறு மாசம் கழிச்சு அப்பவும் தோணுச்சுன்னா எழுது."