தாத்தாவின் தேவாரக் கேசட், டெபியனில் சிடியாக

3 பிப்ரவரி 2024, சனி

அத்தை வீட்டு பிளேயரில் யூஎஸ்பி கிடையாது, சிடி மட்டும்தான். தாத்தா பாடிய தேவாரக் கேசட்டுகளை அதில் கேட்க வேண்டுமாம். அலமாரியில் கிடந்த வெளி டிவிடி ரைட்டரை எடுத்து டெபியன் 12 என்ற லினக்ஸ் ஓடும் கணினியில் செருகினேன். சிடி சுழலப் பார்க்கும், டிக் என்று நிற்கும், மறுபடி சுழலப் பார்க்கும். இதற்கு லினக்ஸைத் திட்டிப் பயனில்லை. யூஎஸ்பி 2.0 போர்ட் 500 மில்லிஆம்பியர்தான் கொடுக்கும். மெல்லிய ரைட்டர் சுழலத் தொடங்கும்போது அதற்கு மேல் இழுக்கும். 900 வரை கொடுக்கும் 3.0 போர்ட்டுக்கு மாற்றியதும் சத்தம் அடங்கிவிட்டது.

அடுத்தது அனுமதி. கேசட் வேலைக்கென்று தனிக் கணக்கு தொடங்கியிருந்தேன். கணினி முன் உட்கார்ந்து அதில் நுழைந்தால் ரைட்டர் கிடைக்கிறது; மாடியிலிருந்து வேறு கணினியில் எஸ்எஸ்ஹெச் என்ற தொலை இணைப்பு வழியாக வந்தால் ‘அனுமதி இல்லை’. திரைக்கு முன்னால் இருப்பவருக்கு லினக்ஸின் பின்னணிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி தற்காலிகமாக உரிமை தருகிறது, தூரத்தில் இருப்பவருக்குத் தருவதில்லை. டெபியன் நிறுவும்போது உருவாகும் முதல் பயனர் ரைட்டரைப் பயன்படுத்த எப்போதும் உரிமையுள்ள ‘சிடிரோம்’ என்ற குழுவில் தானாகவே சேர்ந்துவிடுவார். பின்னால் வந்த கணக்கை நாம்தான் சேர்க்க வேண்டும். சேர்த்து, வெளியேறி, மறுபடி நுழைந்தேன். வேலை செய்கிறது.

4 பிப்ரவரி, ஞாயிறு

சிடி எழுதும் மென்பொருளான கே3பி போட்டாயிற்று. பார்க்க லட்சணமாக இருக்கிறது, ஆனால் அது வெறும் முகப்பு. டெபியனில் எழுதும் வேலையை வோடிம், சிடிஆர்டிஏஓ போன்ற கட்டளை நிரல்களிடம் ஒப்படைத்துவிடுகிறது. வோடிமின் பூர்வீகம் சிடிரெகார்டு. 2006இல் அதன் உரிமம் பற்றித் தகராறு வந்து டெபியன்காரர்கள் பிரித்துக்கொண்டு போன கிளை இது. லினக்ஸின் மையமான கர்னல் 2.4ஆக இருந்த காலத்தில், ஐடிஈ இணைப்பு ரைட்டரை ஸ்கஸி என்ற வேறு வகை இணைப்புச் சாதனம் என்று கர்னலை நம்பவைத்தால்தான் சிடி எழுதவே முடியும். பூட் வரியில் அதற்கென ஒரு சொல் சேர்க்க வேண்டும். இப்போது எஸ்ஆர்0 என்று ரைட்டரின் சாதனப் பெயரைச் சொன்னால் போதும். அந்தக் காலம் திரும்பி வர வேண்டாம்.

6 பிப்ரவரி, செவ்வாய்

கேசட்டின் ஒரு பக்கத்தை ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிந்து, சிடிக்கு வேண்டிய 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவாக வைத்துக்கொண்டேன். வீணாக்க வேண்டாமே என்று முதலில் அழித்து எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூவில் எழுதினேன். கணினி படிக்கிறது, அத்தையின் பிளேயர் ‘டிஸ்க் இல்லை’ என்கிறது. பழைய பிளேயர்களிடம் இது சகஜம். ஒரே முறை எழுதும் சாதாரண சிடி-ஆர் ஒளியில் சுமார் 70 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும்; ஆர்டபிள்யூ 15 முதல் 25 வரைதான். அத்தனை மங்கலான ஒளியை அந்தக் கால லென்ஸ் கண்டுகொள்ளாது.

10 பிப்ரவரி, சனி

சம்பந்தர் பதிகத்தில் ஒவ்வொரு பாட்டும் ஒரு டிராக்காக வேண்டும், பட்டனை அமுக்கினால் அந்தப் பாட்டுக்குப் போக வேண்டும் என்பது அத்தையின் ஆசை. தாத்தாவோ ஒரு பாட்டின் கடைசிச் சொல்லை இழுத்தபடியே அடுத்ததை எடுப்பவர். சிடி-ஆரில் எழுதிப் போட்டுக் காட்டினேன்.

“என்னடா, அப்பா நடுவுல நடுவுல மூச்சை நிறுத்துறாரு? அவரு அப்படிப் பாடவே மாட்டாரே.”

காது அப்படி. எழுதும் முறையைச் சொல்லாவிட்டால் ‘டிராக் அட் ஒன்ஸ்’ என்று தானே எடுத்துக்கொள்வதாக வோடிம் திரையிலேயே அறிவிக்கும். அந்த முறையில் ஒவ்வொரு டிராக் முடிந்ததும் லேசர் அணைந்து எரியும், நடுவே 2 விநாடி மௌனம் விழும். ‘டிஸ்க் அட் ஒன்ஸ்’ என்றால் முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சு.

அது மட்டும் போதாது. சிடியில் ஒலி விநாடிக்கு 75 பிரேமாக நிற்கிறது. ஒரு பிரேமில் 588 மாதிரிகள், அதாவது ஒலியின் அளவெண்கள். வெட்டும் இடம் 588இன் மடங்காக இல்லாவிட்டால் மிச்சத்தை நிரல் சுழியத்தால் நிரப்பும், அங்கே ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கும். ஆடாசிட்டியில் நேரக் காட்டியை ‘சிடிடிஏ பிரேம்’ என்று மாற்றி, ஸ்னாப்பை இயக்கிவிட்டு வெட்டினால் கோடு தானாகவே பிரேம் எல்லையில் போய் உட்காரும். எல்லாப் பாட்டையும் அப்படி மறுபடி வெட்டி எழுதினேன். இழுப்பு அறுபடாமல் அடுத்த பாட்டுக்குள் போகிறது. அத்தை ஒன்றும் சொல்லாமல் ஒலியைக் கூட்டினார்.

11 பிப்ரவரி, ஞாயிறு

பாட்டின் பெயரைத் தமிழில் சிடி-டெக்ஸ்டாக, அதாவது பிளேயர் திரையில் தெரியும் எழுத்தாகப் போட முடியுமா என்று பார்த்தேன். முடியாது, அந்தத் தரத்தில் தமிழ் எழுத்துக்கு இடமே ஒதுக்கவில்லை. அத்தையின் பிளேயர் எண்ணைத் தவிர வேறெதுவும் காட்டாது என்பதால் விட்டுவிட்டேன். மேலே பெயர் எழுத மார்க்கர்தான், பால்பாயிண்ட் பேனா கூடாது. ஒளியைத் திருப்பும் படலம் லேபிள் பக்கத்தில் மெல்லிய வார்னிஷுக்கு அடியிலேயே இருக்கிறது, கீறினால் போச்சு.

மூலப் பதிவுகளைத் தரவு சிடியாகவும் எழுதி வைக்கிறேன். ஒரு மணி நேர வேவ் கோப்பு 635 எம்பி, ஒரு சிடிக்குள் அடங்கும். கோப்புப் பெயர்கள் தமிழில். நீண்ட கோப்புப் பெயர்களைச் சிடியில் வைக்கும் முறைகளில் லினக்ஸுக்கு ராக் ரிட்ஜ், விண்டோஸுக்கு ஜோலியட் இரண்டையும் டிக் செய்தேன். ஜோலியட்டில் பெயருக்கு 64 இடம்தான், ‘கொ’ என்ற ஒரு எழுத்தே இரண்டு இடத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே ‘திருஞானசம்பந்தர்’ எல்லாக் கோப்பிலும் ‘சம்பந்தர்’ ஆகிவிட்டார். அடுத்த வாரம் கேசட்டின் இரண்டாம் பக்கம்.