கோவாவை லொறிக்கே விடுங்கள்

போன வாரம் கினிகத்தேனையிலிருந்து அட்டன் வரைக்கும் ஒரு மாவு லொறியின் புகையைக் குடித்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். முந்த இடமில்லை, வளைவுக்கு வளைவு லொறி முனகுகிறது, பின்னால் பத்துப் பன்னிரண்டு வண்டி. பக்கத்து சீட்டில் இருந்த ஐயா, "இந்த மாவெல்லாம் அந்தக் காலத்துல கோச்சியிலதான் வந்துச்சு தம்பி" என்றார். நம்ம ஊரில் எல்லாரும் சொல்வதுதான். நானும் பல வருடம் அப்படியே பேசித் திரிந்தவன்: சாமானை எல்லாம் கோச்சியில், அதாவது ரயிலில் ஏற்று, ரோட்டுக்கு நிம்மதி என்று. உட்கார்ந்து கணக்குப் போட்டால் அது அத்தனை லேசு இல்லை. நடக்காத காரியமும் இல்லை. எந்தச் சாமான் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில், நம்ம மலைநாட்டு ரயில் பாதை உல்லாசப் பயணிகள் கதவில் தொங்கிப் படம் எடுக்கப் போட்டதில்லை. கோப்பிக்காகப் போட்டது. மாட்டு வண்டியில் கோப்பி மூட்டை கொழும்புக்கு இறங்கும், அதே வண்டி தோட்டத்துக்கு அரிசி ஏற்றித் திரும்பும், அந்தக் காலம். கண்டிக்கு 1867இல் ரயில் வந்தது, நாவலப்பிட்டிக்கு 1874இல், நானுஓயாவுக்கு 1885இல். அதற்குள் இலை நோய் கோப்பியைத் தின்று தீர்த்துவிட, பாதை தேயிலைக்கு ஆனது. பதுளை போய்ச் சேர 1924. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரைக்கும் ஒரு சின்னக் கோச்சிகூட ஓடியது, 1940களில் மூடிவிட்டார்கள். இன்றைக்கு அதே கந்தப்பளையிலிருந்துதான் கரட்டும் லீக்ஸும் லொறி லொறியாக இறங்குகின்றன.

சரி, அந்த மரக்கறியை நானுஓயாவில் கோச்சியில் ஏற்றினால் என்ன? எங்கள் மச்சான் ஒருவன் கந்தப்பளைப் பக்கம் மரக்கறி லொறி ஓட்டுகிறான், அவனிடம் கேட்டேன். சிரித்தான். சாயங்காலம் தோட்டத்து ஓரத்திலேயே மூட்டையை ஏற்றி, இறங்காமல் கொள்ளாமல் விடிவதற்குள் கொழும்புக்குப் பக்கத்துப் பேலியகொடச் சந்தையில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறான். கோச்சி என்றால் நானுஓயா வரைக்கும் ஒரு லொறி, அங்கே இறக்கி ஏற்ற வேண்டும், கொழும்பில் இறக்கி மறுபடி இன்னொரு லொறி. ஒவ்வொரு இடத்திலும் மூட்டை தூக்குகிற நாட்டாமைக்குக் கூலி. கூலிகூடப் பரவாயில்லை, கோவா (முட்டைக்கோஸ்) மூட்டையைத் தூக்கிப் போடுகிற போட்டில் மேல் இலை நாலும் கழன்றுவிடும். அரை மணி பிந்தினால் விலையும் போச்சு. தம்புள்ளைச் சந்தைக்குப் போகிற சரக்கு என்றால் பேச்சே இல்லை, தம்புள்ளையில் ரயிலே கிடையாது. கோவாவை லொறிக்கே விட்டுவிட்டேன்.

ஆனால் கொட்டகலையைப் பாருங்கள். அங்கே எண்ணெய்க் குதம் இருக்கிறது, கொழும்புப் பக்கம் கொலன்னாவையில் ஏற்றின டீசலும் பெற்றோலும் டாங்கி டாங்கியாகக் கோச்சியில் மலை ஏறி வந்தன. மாவு, உரம், சீமெந்து எல்லாம் ரோட்டுக்குப் போன பிறகும் எண்ணெய் மட்டும் ஏன் தண்டவாளத்திலேயே இருந்தது? அதை யாரும் தோளில் தூக்குவதில்லை, அதனால்தான். ஏற்றும் இடத்திலும் குழாய், இறக்கும் இடத்திலும் குழாய். கோச்சி தோற்றது ஓட்டத்தில் இல்லை, ஸ்டேஷனில் சாமான் கை மாறுகிற அந்த இடத்தில்தான்.

அப்புறம் ஏற்றம். ரயிலுக்கு எண்ணெய்ச் செலவு குறைவு என்று பொதுவாகச் சொல்வது சமதரைக் கணக்கு. இரும்புச் சக்கரத்தில் ஒரு டன்னை உருட்ட இரண்டு மூன்று கிலோ இழுவை போதும், லொறி டயருக்கு அதைப் போல மூன்று மடங்கு வேண்டும். நம்ம பாதையில் 44 அடிக்கு ஓர் அடி ஏற்றம். அங்கே டன்னுக்கு இன்னும் 22, 23 கிலோ இழுவை வேண்டும், அது கோச்சிக்கும் லொறிக்கும் ஒன்றுதான், மலை ஆள் பார்த்துச் சலுகை கொடுக்காது. ஆக நாவலப்பிட்டிக்கு மேலே ரயிலின் எண்ணெய் லாபம் நன்றாகவே சுருங்கிவிடும். மிஞ்சுவது வேறு லாபம்: பத்துப் பதினைந்து லொறிச் சுமையை ஒரே எஞ்சின் இழுத்துப் போகும், நானுஓயாப் பக்கம் ராதெல்ல குறுக்குப் பாதை மாதிரி இறக்கங்களில் அத்தனை லொறி குறையும். 2023இல் அந்தக் குறுக்குப் பாதையில் ஏழு பேர் செத்தது பஸ்ஸும் வேனும் மோதித்தான், லொறியால் இல்லை. இருந்தாலும் அந்த இறக்கத்தில் பாரவண்டி இல்லாமல் இருப்பதே நல்லது.

அப்படியானால் எதை ஏற்றலாம்? என்னைக் கேட்டால் தேயிலை. அது அழுகாது. கொழும்பு ஏலத்துக்கு முன்னால் எப்படியும் ஸ்டோரில் கிடக்கிற சரக்கு, ஒரு நாள் பிந்தினால் யாருக்கும் நட்டமில்லை. முன்பு பலகைப் பெட்டி, இப்போது பேப்பர் சாக்கு. பெக்டரியிலேயே பலட்டில் அடுக்கி, ஸ்டேஷனில் ஒரு போர்க்லிப்ட் நின்றால் நாட்டாமை முதுகு ஒடிய வேண்டியதில்லை. நாட்டில் வருடத்துக்கு 25 கோடி கிலோ தேயிலை என்றாலும் பெரும்பகுதி தாழ்நிலத்தது, உயர்நிலத் தேயிலை ஏறத்தாழ 5, 6 கோடி கிலோதான். நாள் கணக்குப் பார்த்தால் 150 டன் சொச்சம். ஒரே ஒரு கோச்சி! இதைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது, இதற்காகவா இத்தனை வருடம் கத்தினோம் என்று. இறங்கும் கோச்சி மேலே வெறுமனே வரக்கூடாது, அதில் மாவும் உரமும் வர வேண்டும். அப்போதுதான் கட்டும்.

றம்புக்கனைக்கு மேலே பெரும்பாலும் ஒற்றைப் பாதை, எதிர்க் கோச்சி வரும்வரை காத்துக்கிடக்க வேண்டும், அதனால் சரக்கை ராத்திரியில்தான் விட முடியும். 2025 நவம்பர் டித்வா புயலில் இந்தப் பாதை எத்தனை இடத்தில் அறுந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை, ரோடும் அப்படித்தான் போனது. திருத்துகிற கையோடு நாலு ஸ்டேஷனில் சரக்கு மேடையையும் சேர்த்துக் கட்டலாம் என்பது என் ஆசை. அட்டன், தலவாக்கலை, நானுஓயா, பண்டாரவளை போதும்.

இதையெல்லாம் மச்சானிடம் சொன்னேன். "அப்ப ஸ்டேஷன்லருந்து பெக்டரிக்கு யாரு கொண்டு போறது?" என்றான். நீதான், ராத்திரி வீட்டிலேயே படுக்கலாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நடைக்கு எவ்வளவு குடுப்பாங்க என்று கேட்டான்.