இலக்கியமும் படைப்பெழுத்தும் சேர்த்துப் படிக்கும்போது மதிப்பெண் எங்கே நழுவுகிறது?

ஆங்கில இலக்கியமும் படைப்பெழுத்தும் சேர்ந்த பட்டப்படிப்புக்கு வருகிறவர்களில் பலர் எழுதும் ஆசையில்தான் வருகிறார்கள். நேரத்தைத் தின்பதோ வாசிப்பு. பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் ஓராண்டுக்கு 120 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்குச் சுமார் 10 மணி நேர உழைப்பு. ஆக, 20 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 200 மணி நேரம். அதில் வகுப்பில் உட்காருவது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் நாமாகப் படிப்பது. விக்டோரியா காலத்து நாவல்களில் சில 800 பக்கத்தைத் தாண்டும். அவற்றை விடுமுறையிலேயே முடித்துவிட்டு, வகுப்பு நடக்கும் வாரத்தில் விவாதிக்கப்போகும் அத்தியாயங்களை மட்டும் மறுபடி படிப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

இலக்கியப் பக்கத்தின் அடிப்படை, நுணுக்க வாசிப்பு; அதாவது ஒரு பிரதியின் ஒவ்வொரு சொல்லையும் வரியையும் உற்றுப் பார்த்து அலசுவது. ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற இலக்கிய விமர்சகர் கேம்பிரிட்ஜில் எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்தார். அவர்கள் எழுதித் தந்ததை அலசி 1929-இல் புத்தகமாகவே வெளியிட்டார். இன்றும் பலர் தடுக்கி விழுவது ஏறக்குறைய அதே இடங்களில்தான். ‘இங்கே உருவகம் இருக்கிறது’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். அந்த உருவகம் இல்லாவிட்டால் வரி எதை இழக்கும் என்று எழுதினால்தான் மதிப்பெண்.

யாப்பு தெரிந்த தமிழ் வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் அசைக்கணக்கில் குறிலா நெடிலா என்று பார்க்கிறோம். ஆங்கிலத்தில் எந்த அசையில் அழுத்தம் விழுகிறது என்பதே கணக்கு. சானட் என்ற கவிதை வடிவத்தின் 14 வரிகளில் ஒவ்வொன்றிலும் பொதுவாக 10 அசை, ஐந்து அழுத்தம். இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கின் வகையில் 8 வரி முடிந்ததும் பொருள் திரும்பும். ஷேக்ஸ்பியர் வகையில் பெரும்பாலும் கடைசி இரண்டு வரிகளில் முத்தாய்ப்பு. வாய்விட்டுப் படித்து, மேஜையில் தட்டிப் பார்க்காமல் இது பிடிபடாது. இதில் கைபழகியவர்களுக்குத் தங்கள் உரைநடை எந்த இடத்தில் நொண்டுகிறது என்பதும் காதில் விழ ஆரம்பிக்கும்.

படைப்பெழுத்துப் பக்கத்தின் மையம், பட்டறை; ஒருவர் எழுதியதை மற்ற மாணவர்கள் படித்துக் கருத்துச் சொல்லும் வகுப்பு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1936-இல் நிலைபெற்ற முறை இது; பிரிட்டனில் ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகம் 1970-இல் இதற்கென முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. பிரதியை முன்கூட்டியே எல்லோருக்கும் கொடுத்துவிடுவார்கள். மரபான முறையில், மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. (இது கொடுமை என்று சொல்லி, எழுதியவரையே முதலில் கேள்வி கேட்கவிடும் வகுப்புகளும் இப்போது உண்டு. இரண்டாவதே மேல் என்பது என் கட்சி.)

அடுத்தவர் பிரதியை முதல் தடவை பேனா இல்லாமல் படியுங்கள். இரண்டாம் தடவை, கண் எங்கே நின்றதோ அங்கே மட்டும் கோடு போடுங்கள். ‘அம்மா பாத்திரம் அழுத்தமாக இல்லை’ என்று எழுதினால் எழுதியவர் அதை வைத்து என்ன செய்வார்? ‘மூன்றாம் பக்கம்வரை மகள் கண்ணால் பார்க்கிறோம், அம்மா கதவைப் பூட்டும் வரியில் திடீரென்று அவள் மனசுக்குள் போய்விடுகிறோம்’ என்றால் திருத்த ஓர் இடம் கிடைக்கிறது. நீங்களாக இருந்தால் கதையை எப்படி எழுதியிருப்பீர்கள் என்பதை அங்கே யாரும் கேட்கவில்லை. உங்கள் பிரதியைப் படித்த மூன்று பேர் ஒரே பத்தியில் தடுமாறினால் அங்கே கோளாறு இருப்பது உறுதி. அவர்கள் சொல்லும் தீர்வை மட்டும் ஆறப்போடுங்கள்.

பெரும்பாலானவர்கள் மதிப்பெண்ணைக் கோட்டை விடுவது படைப்போடு சேர்த்துக் கொடுக்கும் விமர்சனக் குறிப்பில். இந்தக் கதை எப்படி உதித்தது, பாட்டி என்ன சொன்னார் என்று பக்கத்தை நிரப்பிவிடுவார்கள். அங்கே கேட்பது முடிவுகளும் காரணங்களும்: தன்மையில் எழுதியதைப் படர்க்கைக்கு ஏன் மாற்றினீர்கள், மாற்றியதில் எது கைவிட்டுப் போனது, யாருடைய எழுத்தில் அந்த உத்தியைப் பார்த்தீர்கள். இதற்குப் பழைய வரைவுகள் வேண்டும். ஒரே கோப்பின்மேல் திரும்பத் திரும்பச் சேமித்தால் எல்லாம் அழிந்துபோகும். ஒவ்வொரு வரைவையும் தேதியிட்டுத் தனிக் கோப்பாக வையுங்கள். மாற்றிய அன்றே காரணத்தை இரண்டு வரியில் குறித்துவிடுங்கள்.

சமர்ப்பிக்கும்போது உரைநடைக்கு வழக்கமாக இரட்டை வரி இடைவெளி, 12 புள்ளி எழுத்து. கவிதைக்கு ஒற்றை இடைவெளிதான் பொருந்தும், இல்லாவிட்டால் கண்ணி எங்கே முடிகிறது என்றே தெரியாது. வேர்டு கோப்பைப் பிடிஎஃப் ஆக்கியபின் ஒருமுறை திறந்து, நீண்ட வரிகள் உடைந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.