மெக்காடமின் சாலைக் கட்டுரை எந்த ஆண்டு வந்தது?

தெருவுக்குக் கல் பரப்பும் முறைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு ஆண்டு மட்டும் தேவைப்பட்டது. ஸ்காட்லாந்துச் சாலைப் பொறியாளர் ஜான் லௌடன் மெக்காடம், நடப்பிலிருந்த சாலை அமைப்பு முறையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை முதலில் எப்போது அச்சானது? பழைய கலைக்களஞ்சியம் ஒன்று 1820 என்றது. நூலகப் பட்டியலில் 1816 இருந்தது. 1819, 1822, 1827 என்று வேறு ஆண்டுகளும் வரிசையில் நின்றன.

பட்டியல்களை நம்பிப் பயனில்லை என்று தோன்றியது. ஸ்கேன் செய்த பிரதிகளைத் திறந்து தலைப்புப் பக்கங்களைப் பார்த்தேன். முதல் பதிப்பு 1816தான், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அச்சானது. அந்த ஊர்ச் சுங்கச் சாலைகளின் தலைமைக் கண்காணிப்பாளராக அவர் பொறுப்பேற்ற காலம் அது. அப்போது அது மெல்லிய பிரசுரம். 1827இல் வந்த 9ஆம் பதிப்போ தடித்த புத்தகம்! இடையில் நாடாளுமன்றக் குழு முன் அவர் அளித்த சாட்சியம், வேளாண் வாரியத்துக்கு எழுதியது எல்லாம் உள்ளே சேர்ந்துவிட்டன. போதாக்குறைக்கு, 1819இல் சாலைப் பராமரிப்பு பற்றி அவர் தனியாக ஒரு கட்டுரையும் வெளியிட்டிருக்கிறார். பதிப்பைச் சொல்லாமல் மெக்காடமை மேற்கோள் காட்டுபவர்களை இப்போதெல்லாம் நான் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன்.

அந்தக் கட்டுரையின் மூலங்களைத் தேடுவதுதான் அதிக நேரம் எடுத்தது. நூலின் நீண்ட தலைப்பே, இவை நடைமுறையிலும் அனுபவத்திலும் கண்டவை என்று சொல்லிவிடுகிறது. ஆகவே அவருடைய பழைய எழுத்துகளைத்தான் தோண்ட வேண்டும். ஆசிரியர் பெயரில் தேடினால் 1816க்கு முன்னால் போக முடியவில்லை. நாடாளுமன்ற அறிக்கைகளின் பக்கம் திரும்பியதும் கதவு திறந்தது: நாட்டின் நெடுஞ்சாலைகள் பற்றி அவர் எழுதிய குறிப்பு, சர் ஜான் சின்க்ளேர் தலைமையிலான குழுவின் 1811 அறிக்கையில் பின்னிணைப்பாக இருக்கிறது.

பிற்காலப் பதிப்பு ஒட்டுப்போட்டது என்பதற்குக் கல்லின் அளவே சாட்சி. சக்கரம் தரையைத் தொடும் நீளம் சுமார் ஓர் அங்குலம், அதைவிடப் பெரிய கல் கேடு என்கிறது ஓரிடம். 6 அவுன்ஸுக்கு மேல் கூடாது என்கிறது இன்னோரிடம். 6 அவுன்ஸ் என்பது 170 கிராம். கணக்குப் போட்டால், அந்த எடையுள்ள சுண்ணாம்புக் கல் ஒவ்வொரு பக்கமும் 4 செ.மீ. வரும். அங்குலமோ இரண்டரை செ.மீ.தான்.