லாம் குவாவின் நோயாளிகள்

சீன ஓவியர் லாம் குவா வரைந்த படங்களை மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1835இல் பீட்டர் பார்க்கர் என்ற அமெரிக்க மருத்துவர் சீனாவின் கான்டனில் ஆஸ்பத்திரி திறந்தார். அங்கே பெரிய பெரிய கட்டிகளோடு வந்தவர்களை ஐரோப்பிய பாணியில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தவர் லாம் குவா. 80க்கும் மேற்பட்ட படங்கள் இப்போது யேல் பல்கலைக்கழகத்தில். கட்டியைப் பார்த்தால் நமக்குத்தான் பதறுகிறது. அவர்கள் முகத்தில் வலியே இல்லை. கல்யாண போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி இருக்கிறார்கள்.

மற்றபடி வெளிநாட்டு வணிகர்களின் முகங்கள்தான் இவருக்குப் பிழைப்பு. ஆங்கில ஓவியர் ஜார்ஜ் சின்னரியிடம் கற்றவர் என்பார்கள், சின்னரி மறுத்தாராம். (தொழில் போட்டி! இவர் மலிவாக வரைந்தாரே.) அந்தச் சின்னரி 1802இல் நம்ம மெட்ராஸில் வந்திறங்கி, அப்புறம் கல்கத்தா போய், கடன் தொல்லையால் 1825இல் சீனக் கரையில் உள்ள மக்காவ் நகருக்கு ஓடியவர்.